முப்பது நாள் கணக்கு

தீர்ப்பின் நகல் வந்ததும் கட்சிக்காரர் தன் பெயர் இருக்கும் முதல் பக்கத்தைத் தேடுவார். வக்கீல் கடைசிப் பத்திக்குப் போவார். குமாஸ்தாவின் கண் போவது முத்திரைக்கு. நகல் மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று அதில் ஐந்து வரிகள் இருக்கும். மேல்முறையீட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்பதை அவர் அந்த ஐந்து வரிகளில் படித்துவிடுவார்.

இதை எங்கள் வரப்புத் தகராறில்தான் தெரிந்துகொண்டேன். முன்சீப் கோர்ட்டில் ஜூன் 3-ஆம் தேதி எங்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. "இனி கோர்ட் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்ட அப்பா, மறுநாள் பழைய கிஸ்தி ரசீதுகளைத் திரும்ப வாங்க வக்கீல் ஆபீசுக்குப் போனார். வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பியிருந்தார். குமாஸ்தா வழக்குக் கட்டை அவிழ்த்து ரசீதுகளை எண்ணிக் கொடுத்தார்.

"அய்யா, மேல போறதும் போகாததும் உங்க இஷ்டம். காப்பிக்கு மட்டும் இன்னைக்கே போட்டு வைக்கிறேன். நாள் நம்ம கையில இருக்கட்டும்" என்றார்.

அன்றே மனுப் போட்டார். ஜூலை 8-ஆம் தேதி நகல் தயாரானது. அப்பாவின் மனம் மாறியது ஜூலை 20 வாக்கில். முன்சீப் தீர்ப்பின் மேல் அப்பீல் போக 30 நாள்தான் கெடு. வெறும் விரலில் எண்ணினால் ஜூலை 3-ஆம் தேதியே கதை முடிந்துவிட்டது. ஆனால் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு இருக்கிறது. தீர்ப்புச் சொன்ன நாளையும் நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களையும் கழித்துவிடச் சொல்கிறது அது. ஜூன் 4 முதல் ஜூலை 8 வரை 35 நாள். கடைசி நாள் ஆகஸ்ட் 7. மனம் மாறிய பிறகு நகலுக்கு ஓடியிருந்தால் இந்தக் கணக்கில் ஒரு நாள்கூட எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இந்தக் கழிவிலும் கண்ணி உண்டு. தேவைப்பட்ட நாள் மட்டும்தான் கழியும். ஸ்டாம்ப் கேட்டுப் பட்டியல் ஒட்டியதைக் கவனிக்காமல் தாமதமாகக் கட்டினால், அந்தத் தாமதம் நம் தலையில் விழும். நகல் தயாரான பிறகு வாங்காமல் கிடந்த நாளும் அப்படியே. அதனால்தான் கோர்ட் அறிவிப்புப் பலகையின் முன் தினமும் ஒரு குமாஸ்தாவைப் பார்க்கலாம். கெடு தவறினால் 5-ஆவது பிரிவில் தாமதத்தை மன்னிக்க மனுப் போடலாம். போதுமான காரணம் காட்ட வேண்டும். அது கோர்ட்டின் மனசு. நாளுக்குள் போட்ட அப்பீலுக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது அப்பீலுக்கு உயர் நீதிமன்றம் போனால் 90 நாள். பிரதிவாதி வராத நிலையில் தீர்ப்பான எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்ய 30 நாள். அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு இவை மனப்பாடம்.

குமாஸ்தா என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். நியமிக்கப்பட்டவர், இன்னொருவருக்காக வேலை பார்ப்பவர் என்று அங்கே பொருள். சிரஸ்தார், அமீனா, வக்காலத்து, வாய்தா எல்லாம் நம் கோர்ட் வளாகத்தில் குடியேறிவிட்ட சொற்கள்தாம். கோர்ட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்கள் வேறு வகை. அவர்கள் அரசு ஊழியர்கள். அந்த வரிசையில் தொடங்கியவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப் ஆனவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவராக அவரை எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் கிடந்த கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. கோர்ட் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் மனிதர்களை அவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்.

வக்கீல் குமாஸ்தாவுக்கு அரசுச் சம்பளம் இல்லை. வக்கீல் கொடுப்பதும் கட்சிக்காரர் கொடுக்கும் குமாஸ்தா பீஸும்தான் வருமானம். வழக்கு ஃபைல் செய்வது, ரிட்டர்ன் ஆன காகிதத்தில் குறையைச் சரிசெய்து மறுபடி போடுவது, நம்பர் ஆகிவிட்டதா என்று பார்ப்பது, சம்மனுக்குப் பேட்டா கட்டுவது, வாய்தாவை டைரியில் ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. நீதிபதி முன் வாதாட மட்டும் உரிமை இல்லை. தமிழ்நாட்டில் இவர்களுக்கென நல நிதிச் சட்டம் 1999-இல் வந்தது. முதுமையில் கைப்பிடிக்க ஏதோ ஒன்று இருக்கிறதே என்று நிம்மதிப்படலாம். ஆனால் இத்தனை பேருடைய நிலமும் வீடும் யார் டைரியில் பத்திரமாக இருக்கிறதோ அவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று உறுதியாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கொரோனாக் காலத்தில் கணக்கே தலைகீழானது. 15.3.2020 முதல் 28.2.2022 வரையான காலத்தைக் கெடுவிலிருந்து விலக்கிவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இடைவெளியில் கெடு முடிந்த வழக்குகளுக்கு 1.3.2022 முதல் 90 நாள் கிடைத்தது. ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துப் புதிதாக எண்ண வேண்டியிருந்தது. இப்போது இ-ஃபைலிங் வந்துவிட்டது. வழக்குக்குப் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண் உண்டு. அடுத்த வாய்தா கைபேசியிலேயே தெரியும். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கும் வேலையும் குமாஸ்தா மேசைக்கே வந்திருக்கிறது. ஆனால் 'இன்னைக்கே காப்பி போட்டு வைக்கிறேன்' என்று மனம் உடைந்து நிற்பவரிடம் கைபேசி சொல்லாது. அவர் அப்பீல் போவாரா மாட்டாரா என்பது அவருக்கே தெரியாத நேரம் அது.

எங்கள் அப்பீல் ஆகஸ்ட் 4-ஆம் தேதி, கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் ஃபைல் ஆனது. வழக்கு முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கட்டு வீட்டுப் பரணில் இருக்கிறது. போன மாதம் இறக்கிப் பார்த்தேன். நீதிபதி, வக்கீல்கள், சாட்சிகள், சர்வேயர் என்று எல்லோர் பெயரும் அதில் இருக்கிறது. குமாஸ்தாவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. முன்சீப் தீர்ப்பு நகலின் முத்திரை ஓரத்தில் மட்டும், பென்சிலில், அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 30 + 35, ஆகஸ்ட் 7.