ஜலத்தில் பிறக்கும் குழந்தை

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டு வந்து சற்று ஓய்ந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மாள் வந்தார். அவருடைய பெண்கள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். மூத்தவள் கணவனுடன் இங்கிலாந்தில் குடித்தனம் செய்கிறாள். இளையவளுக்கு இது ஏழாம் மாதம்; பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கிறாள். வந்த அம்மாள், கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் விஷயத்தைச் சொன்னார்.

"டீச்சரம்மா, பெரியவள் அங்கே ஜலத்தில் பிள்ளை பெற்றாளே, தெரியுமல்லவா? இப்போது சின்னவளும் அதையே பிடிவாதமாகச் சொல்கிறாள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வசதி இல்லையென்றால் வீட்டிலேயே தொட்டி வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். டெலிபோனில் ஏதேதோ படம் பார்க்கிறாள். நான் சொன்னால், 'உனக்கு என்ன தெரியும் அம்மா!' என்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்."

எனக்கும் அந்த விஷயம் அதிகமாகத் தெரியாது என்பதே உண்மை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது உபாத்தியாயருக்கு அழகல்ல. ஆகவே ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டேன். மூத்தவளுக்குக் கடிதம் எழுதினேன். டாக்டர்கள் எழுதியிருப்பவற்றையும் தேடிப் படித்தேன். அப்படி அறிந்தவற்றை நம் குடும்பப் பெண்களும், அவர்களைவிட முக்கியமாக ஆண்களும் தெரிந்துகொள்வது நல்லதென்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

பிரெஞ்சு தேசத்தில் தொடங்கிய கதை

பிரெஞ்சு தேசத்து மொன்பெலியே நகரத்தில் வெளியான ஒரு வைத்தியப் பத்திரிகையில், 1805-ஆம் ஆண்டு, எம்ப்ரி என்ற வைத்தியர் ஒரு செய்தியை எழுதினார். ஒரு ஸ்திரீ 48 மணி நேரம் பிரசவ வேதனைப்பட்டுக் களைத்துப் போனாள். அவளை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தார்கள். வேதனை தணிவதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஆனால் அவள் தொட்டியை விட்டு எழுந்திருக்குமுன்பே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சேயும் சுகம். இந்தச் செய்தியை உலகம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் மறந்திருந்தது.

பிறகு, 1960-க்குப் பின் ருஷியாவில் இகோர் சார்க்கோவ்ஸ்கி என்பவர் பச்சைக் குழந்தைகளை ஜலத்தில் பழக்கும் பரீட்சைகளில் இறங்கினார். அவர் டாக்டர் அல்லர். அவர் செய்தவற்றில் பல, கேட்கிறவர்கள் மனம் பதறத் தக்கவை. அவரை விட்டு மேலே செல்வோம்.

இந்த முறையை நிதானமாகக் கையாண்டவர் மிஷேல் ஓதான் என்ற பிரெஞ்சு ரண சிகிச்சை டாக்டர். பாரிஸுக்குத் தெற்கே பிதிவியே என்னும் சிற்றூர். அங்கே பொது ஆஸ்பத்திரியில் 1962 முதல் அவர் வேலை பார்த்தார். பிரசவப் பகுதியும் அவர் பொறுப்பில் இருந்தது. மருந்து கொடுக்காமல் வலியைத் தணிக்க வழி உண்டா என்று தேடிய அவர், 1977-ல் குழந்தைகள் விளையாடும் காற்றடைத்த ரப்பர்த் தொட்டி ஒன்றை வாங்கி, அதில் வெந்நீர் நிரப்பி வைத்தார். வலி தாங்காத பெண்கள் அதில் இறங்கினார்கள். ஜலத்தில் குழந்தை பிறக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கமே அல்ல. சில பெண்களுக்குத் தொட்டியை விட்டு வெளியேற மனம் வரவில்லை, குழந்தை அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். 1983-ல், இவ்விதம் நூறு பிரசவங்கள் நடந்த விவரத்தை லண்டன் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது.

அதே தேசத்தில் பிரெதெரிக் லெபுவாயே என்ற மற்றொரு பிரசவ வைத்தியர் இருந்தார். பிறக்கும் குழந்தையைக் கூச்சலும் கண்கூசும் வெளிச்சமுமாக வரவேற்பது கொடுமை என்று 1974-ல் ஒரு புத்தகம் எழுதினார். மங்கிய விளக்கில் குழந்தையை எடுத்து, இளஞ்சூடான ஜலத்தில் மெல்ல மிதக்க விடுவது அவருடைய வழக்கம். இவர் நம் பாரத தேசத்துக்குப் பலமுறை வந்தவர். கல்கத்தாவில் ஓர் ஏழைத் தாய் தன் குழந்தையைக் கால்களில் கிடத்தி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதைக் கண்டு பிரமித்து நின்றார், படம் பிடித்தார், 'சாந்தலா' என்ற அவள் பெயரையே வைத்து 1976-ல் ஒரு நூல் வெளியிட்டார். மேல்நாட்டுத் தாய்மார் பலர் அதைப் பார்த்துத்தான் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கக் கற்றார்கள். நம் பாட்டிமார் கால் நீட்டி உட்கார்ந்து தினந்தோறும் செய்கிற காரியத்துக்குச் சீமை முத்திரை விழுந்த பிறகுதான் நமக்கும் மதிப்புத் தெரிகிறது!

இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டு பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று, ஆஸ்பத்திரிகள் இயன்றவரை இத்தகைய தொட்டி வசதி செய்து தரவேண்டும் என்று சொல்லிற்று. இன்று அங்கே மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவ விடுதிகளில் இது சாதாரணக் காட்சி.

அந்த வேளையில் எப்படி இருக்கும்?

மூத்தவளுடைய பதில் நான்காம் நாள் வந்தது. அவள் சம்மதத்துடன் ஒரு பகுதியைத் தருகிறேன்.

"டீச்சர், எனக்கு முதல் குழந்தை நம் ஊரில் பிறந்தது உங்களுக்குத் தெரியும். அன்று என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அம்மாவை உள்ளே விடவில்லை. வலி தாங்காமல் கத்தியபோது ஒருத்தி என் தொடையில் அடித்தாள். வாயில் வராத வார்த்தை சொன்னாள். இதை இதுவரையில் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

"இரண்டாவது பிரசவத்தில் அந்த ஞாபகத்தோடுதான் உள்ளே போனேன். வலி நெருங்கி வந்த பிறகே தொட்டியில் இறங்கச் சொன்னார்கள். மார்பளவு ஜலம். இறங்கிய மாத்திரத்தில் உடம்பின் பாரம் யாரோ வாங்கிக்கொண்டது போலிருந்தது. வலி போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகவில்லை. ஆனால் வலிக்கும் வலிக்கும் நடுவே ஓர் இளைப்பாறல் கிடைத்தது. அந்த இடைவெளியில் தூங்கிக்கூடப் போனேன். முழங்காலிட்டேன், சாய்ந்தேன், திரும்பினேன், ஒருவரும் தடுக்கவில்லை. மருத்துவச்சி தொட்டியருகே மணையில் உட்கார்ந்து, அவ்வப்போது குழந்தையின் இருதயத் துடிப்பைக் கேட்டாள். ஜலத்தின் சூட்டை அளந்தாள். மற்றபடி அதிகம் பேசவில்லை.

"கடைசியில் எரிச்சல், தகிப்பு, 'இனி என்னால் ஆகாது' என்ற பயம் எல்லாம் வந்தன. வெளியே போய்விடுகிறேன் என்று அழுதேன். 'போகலாம், உன் இஷ்டம்' என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் போகத் தோன்றவில்லை. அடுத்த வலியில் தலை வந்தது, அதற்கடுத்ததில் குழந்தை. கீழே கை கொடுத்து நானே எடுத்து மார்பில் போட்டுக்கொண்டேன். ஒரு கணம் அழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு அழுதாள். நஞ்சுக்கொடி விழுவதற்கு என்னை வெளியே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். எவ்வளவு ரத்தம் போகிறது என்று ஜலத்தில் சரியாகத் தெரியாதாம்."

படித்துவிட்டு வெகு நேரம் கடிதத்தை மடிக்காமல் வைத்திருந்தேன்.

ஜலம் செய்யும் உபகாரம்

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஜலத்தில் அமிழ்ந்த பொருள் பாரம் குறைகிறது என்பதை நாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறோம். நிறைகர்ப்பிணிக்கு இடுப்பிலும் முதுகிலும் உள்ள பாரம் அவ்விதமே இலேசாகிறது. அவள் சுலபமாகத் திரும்பிக்கொள்ள முடிகிறது. சூடு தசைகளைத் தளர்த்துகிறது. பயம் குறைந்தால் அட்ரினலின் என்னும் ரஸம் குறைகிறது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோஸின் தடையில்லாமல் ஊறுகிறது. வலி எடுத்தவளுக்குச் சீரகக் கஷாயம் கொடுத்து, இடுப்பில் வெந்நீர் விட்ட நம் கிழவிகளும் இந்தச் சூட்டின் குணத்தை அநுபவத்தில் அறிந்தவர்களே. 2018-ல், 3,663 பெண்களைப் பற்றிய 15 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலியின் முற்பகுதியில் ஜலத்தில் இருந்தவர்களுக்கு முதுகுத் தண்டில் மயக்க ஊசி போடும் அவசியம் சற்றே குறைந்தது என்று கண்டார்கள். 'சற்றே' என்பதைக் கவனிக்க வேண்டும்.

குழந்தைக்கு மூச்சு முட்டாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கருவில் உள்ள சிசுவின் நுரையீரலில் திரவமே நிறைந்திருக்கிறது. பிராணவாயு தொப்புள் கொடி வழியே வருகிறது. முகத்தில் காற்றுப் படுவதும், குளிர்ச்சியும், கை படுவதுமே முதல் மூச்சைத் தூண்டுகின்றன. தொண்டையில் ஜலம் பட்டால் மூச்சுவழியை மூடிக்கொள்ளும் சுபாவமும் சிசுவுக்கு உண்டு. ஆகவே, சுகமாக உள்ள குழந்தை ஜலத்துக்குள் மூச்சிழுப்பதில்லை. ஆனால் வயிற்றிலேயே பிராணவாயு குறைந்து தவித்துப்போன குழந்தை திணறி மூச்சிழுத்துவிடலாம். அதனால்தான் இருதயத் துடிப்பை அடிக்கடி கேட்கிறார்கள். ஐயம் தோன்றினால் தாயை உடனே வெளியேற்றுகிறார்கள். பிறந்த குழந்தையைத் தாமதமின்றி மேலே எடுக்க வேண்டும். ஒரு தரம் காற்றுப் பட்ட முகத்தை மறுபடி ஜலத்தில் அமிழ்த்தவே கூடாது. ஜலத்தின் சூடு 37.5 டிகிரிக்கு மேல் போகலாகாது.

கணக்கு என்ன சொல்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 முதல் 1996 வரை ஜலத்தில் நடந்த 4,032 பிரசவங்களை ஆராய்ந்தார்கள். ஐந்து சிசுக்கள் இறந்தன. ஒன்றும் ஜலத்தால் நேர்ந்ததல்ல. ஆனால் இரண்டு குழந்தைகள் நுரையீரலில் ஜலம் புகுந்து சிகிச்சை பெற்றன. கார்டிஃப் சர்வகலாசாலையார் 2024-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைவிட மிகப் பெரிது. தொட்டியைப் பயன்படுத்திய 87,000 பெண்களுக்கு மேற்பட்டோரின் விவரங்களைச் சேகரித்து, சிக்கல் இல்லாதவர்களில் தொட்டியிலேயே பெற்றவர்களையும் வெளியே வந்து பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். தலைப்பிரசவத்தில் கடுமையாகக் கிழிபட்டவர்கள் ஜலத்தில் நூற்றுக்கு 4.8, வெளியே 5.3. குழந்தைகளுக்கும் ஜலத்தால் அதிகத் தீங்கில்லை. ஒரு குறை மட்டும் தெரிந்தது: குழந்தையை மேலே எடுக்கும்போது தொப்புள் கொடி அறுவது வெளியே ஆயிரத்துக்கு 3, ஜலத்தில் நூற்றுக்கு 1. பக்கத்தில் பயிற்சி பெற்றவள் இருந்தால் உடனே கவ்விப் பிடித்து நிறுத்திவிடுவாள். இல்லாவிட்டால் குழந்தைக்கு ரத்த நஷ்டம் நேரலாம்.

அமெரிக்கப் பிரசவ வைத்தியர் சங்கம் 2016-ல் இன்னும் எச்சரிக்கையாகப் பேசிற்று: வலியின் முற்பகுதியை ஜலத்தில் கழிக்கலாம், பிரசவம் தரையிலேயே ஆகட்டும் என்பது அதன் அபிப்பிராயம்.

வீட்டுத் தொட்டியின் ஆபத்தையும் சொல்லவேண்டும். 2014-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில், இரண்டு வாரத்துக்கு முன்பே நிரப்பிச் சூடாக வைத்திருந்த தொட்டியில் பிறந்த குழந்தை ஒன்று லெஜியோனெல்லா என்ற கிருமியால் இறந்தது. அதே ஆண்டு இங்கிலாந்திலும், முன்கூட்டி நிரப்பிச் சூடேற்றி வைக்கும் தொட்டிகளைப் பயன்படுத்தவேண்டாமென்று சர்க்கார் எச்சரித்தது.

நாம் கேட்க வேண்டியது

இரட்டைக் குழந்தை, கால் முன்னாகத் திரும்பிய குழந்தை, 37 வாரம் நிரம்பாத கர்ப்பம், ரத்தக் கொதிப்பு, ஜுரம், உதிரப்போக்கு ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜலம் ஆகாது. இங்கிலாந்தின் நல்ல கணக்குகள் யாவும், தொட்டியருகே தேர்ந்த மருத்துவச்சியும் கூப்பிட்ட குரலுக்கு ஆஸ்பத்திரியும் இருந்ததால் வந்தவை. தொட்டியை மட்டும் வாங்கி, மற்ற இரண்டையும் விட்டுவிடுவது பத்தியத்தை விட்டு மருந்தை மட்டும் தின்பது போலாகும். நம் தேசத்தில் லட்சம் பிரசவத்துக்கு 254 தாய்மார் இறந்தது 2004-06 கணக்கு. 2018-20-ல் அது 97 ஆகக் குறைந்தது. பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து பெற்றதற்கு இந்த வெற்றியில் பெரும் பங்கு உண்டு. அதைக் கைநழுவ விடலாமா?

ஆயினும், உயிரைக் காப்பாற்றினோம் என்பதற்காக அடிக்கலாம், வையலாம் என்று எந்தத் தர்ம சாஸ்திரமும் சொல்லவில்லை. பெண்கள் வீட்டுத் தொட்டியை நாடுவது ஜலத்தின்மீதுள்ள ஆசையால் மட்டுமா? சுடுசொல்லுக்கு அஞ்சியும்தான். இந்திய சர்க்கார் 2017-ல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம் பிரசவ அறையில் பெண்ணைக் கௌரவமாக நடத்த வேண்டும், துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று சொல்கிறது. செவிலியருக்கு 18 மாதம் விசேஷப் பயிற்சி கொடுத்து மருத்துவச்சிகளாக்கும் ஏற்பாட்டை 2018-ல் அறிவித்தார்கள். காகிதத்தில் உள்ளதைக் கட்டிலருகே கொண்டுவருவது நம் பொறுப்பு. கணவன்மாரும் தகப்பன்மாரும் வாசலில் உலாவுவதோடு நில்லாமல், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்.

தவணை முடிந்த அன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காவின் கடிதத்தைத் தங்கை உரக்கப் படித்தாள். தொடையில் அடித்த இடம் வந்ததும் தாயார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "நான் கதவுக்கு வெளியேதானே இருந்தேன்" என்றார்.

வீட்டுத் தொட்டி யோசனை அன்றோடு நின்றது. அடுத்த வாரம் தாயும் மகளுமாக டாக்டரிடம் போய் மூன்று கேள்விகள் கேட்டார்கள்: வலியின்போது நடமாட விடுவீர்களா? இடுப்பில் வெந்நீர் விட்டுக்கொள்ளலாமா? அம்மா கூட இருக்கலாமா? முதல் இரண்டுக்கும் உடனே 'சரி' என்றாராம். மூன்றாவதற்குச் சற்று யோசித்தாராம். அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் அதற்கும் 'சரி' என்று சொல்லியிருக்கிறார்.