சனியின் வளையத்தில் என்ன இருக்கிறது?

1610 ஜூலையில் இத்தாலிய அறிஞர் கலிலியோ தன் தொலைநோக்கியைச் சனிக்கோளின் பக்கம் திருப்பினார். நடுவில் பெரிய உருண்டை, இருபுறமும் ஒட்டினாற்போல் இரண்டு சின்ன உருண்டைகள். மூன்று கோள்கள் சேர்ந்து நிற்கின்றன என்று முடிவு கட்டினார். 1612-ல் மறுபடி பார்த்தபோது பக்கத்து உருண்டைகள் இரண்டையும் காணோம்! கலிலியோ குழம்பிப்போனார்.

புதிரை அவிழ்த்தவர் நெதர்லாந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். சனியை எங்கும் தொடாமல், சுற்றிலும் ஒரு தட்டையான வளையம் இருக்கிறது என்று 1659-ல் நூல் எழுதி விளக்கினார். சனி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதனால் வளையம் சில ஆண்டுகளில் அகலமாகத் தெரியும். ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் விளிம்பு மட்டுமே நம் பக்கம் இருக்கும். அப்போது வளையம் கண்ணுக்குத் தப்பிவிடும். 2025 மார்ச்சிலும் அப்படித்தான் ஆயிற்று.

சூரியக் குடும்பத்தில் வியாழனுக்கு அடுத்த பெரிய கோள் சனி. அதன் குறுக்கே ஒன்பது பூமிகளை வரிசையாக வைக்கலாம். ஆனால் கால் ஊன்ற அங்கே தரை கிடையாது. பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். தன்னைத்தானே சுற்றிக்கொள்ளச் சுமார் பத்தரை மணி நேரம் போதும். சூரியனை ஒருமுறை சுற்றிவரவோ ஏறத்தாழ 29½ ஆண்டுகள் வேண்டும். அதைப் பன்னிரண்டு ராசிகளுக்கும் பங்கிட்டால், ராசிக்கு இரண்டரை ஆண்டு. சனிப் பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதன் கணக்கு இதுதான்.

சரி, அந்த வளையம் எதனால் ஆனது?

ஒரே கெட்டியான தகடாக இருந்தால் அது நிலைக்காது, உடைந்துவிடும் என்று 1859-ல் கணக்குப் போட்டுக் காட்டினார் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். எண்ணற்ற தனித்தனித் துண்டுகளாக இருந்தால்தான் வளையம் தாக்குப்பிடிக்கும் என்றார். 1895-ல் அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் கீலர் வளையத்திலிருந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தார். உள்பக்கம் வேகமாகவும் வெளிப்பக்கம் மெதுவாகவும் ஓடுவது தெரிந்தது. கெட்டித் தகடு என்றால் வெளி ஓரம்தானே வேகமாகச் சுழல வேண்டும்? மேக்ஸ்வெல் சொன்னது உறுதியானது.

அந்தத் துண்டுகள் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டி. சில துண்டுகள் மணல் அளவு, சில வீடு அளவு. ஒவ்வொன்றும் ஒரு குட்டி நிலாவைப்போலத் தனிப்பாதையில் சனியைச் சுற்றுகிறது. முக்கிய வளையங்களின் உள் ஓரத்தில் இருப்பவை ஒரு சுற்றை ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். வெளி ஓரத்தில் இருப்பவற்றுக்கு 14 மணி நேரம் ஆகும். இவ்வளையங்களின் குறுக்களவு சுமார் 2,70,000 கிலோமீட்டர். தடிமன் பல இடங்களில் பத்து மீட்டர்தான்! நோட்டுப் புத்தகத் தாள் ஒன்று இதே விகிதத்தில் இருக்க வேண்டுமானால், அது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் அகலமாக இருக்க வேண்டும்.

2004-ல் சனியை அடைந்த காசினி விண்கலம் இன்னொரு வியப்பைக் காட்டியது. என்செலடஸ் என்ற சிறிய நிலாவின் தென்துருவத்தில் நீண்ட வெடிப்புகள். அவற்றின் வழியே நீராவியும் பனித்துகள்களும் விண்வெளிக்குப் பீய்ச்சி அடிக்கின்றன. சனியின் மங்கலான வெளிவளையம் ஒன்று உருவாகியிருப்பதே இந்தத் துகள்களால்தான். அந்தப் பீச்சலுக்குள்ளேயே காசினி பலமுறை பறந்து, பனிக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதற்குச் சான்று திரட்டியது.

எரிபொருள் தீரும் நேரத்தில், பூமியின் கிருமிகள் எவையும் அந்த நிலாவுக்குப் போய்விடக் கூடாது என்று, 2017 செப்டம்பர் 15 அன்று விஞ்ஞானிகள் காசினியைச் சனிக்குள்ளேயே செலுத்தி எரியவிட்டார்கள்.

2025-ல் கண்ணுக்குத் தப்பிய வளையம் இப்போது நம் பார்வையில் மெல்ல மெல்ல விரிந்துவருகிறது. 2032-ல் அது மிக அகலமாகத் தெரியும். முப்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய தொலைநோக்கி இருந்தாலே பார்த்துவிடலாம்.