பிறவிக் குணமும் தாயின் அரவணைப்பும்

பிள்ளை கோபக்காரனாக இருந்தால், "அது பிறவிக் குணம், மாறாது" என்று சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மையா? குரங்குகளைப் பற்றிய ஓர் ஆய்வைப் பார்ப்போம்.

மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள்களுள் ஒன்று செரோட்டோனின். மனநிலைக்கும் ஆத்திரத்தை அடக்குவதற்கும் அது உதவுகிறது. வெளிவந்த செரோட்டோனினை மீண்டும் அணுவுக்குள் இழுத்துக்கொள்ள ஒரு புரதம் உண்டு. அதற்குரிய மரபணு மனிதரிடம் நீண்டது, குறுகியது என இருவகைப்படும். வட இந்தியாவில் வாழும் ரீசஸ் குரங்குகளிடமும் இவ்வேறுபாடு உண்டு. அவற்றின் உறவினமான பார்பரி குரங்குகளை ஆராய்ந்தபோதோ ஒரே வகைதான் காணப்பட்டது.

அமெரிக்காவில் ஸ்டீபன் சுவோமி உள்ளிட்ட அறிஞர்கள் ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். தாயைப் பிரிந்து, சமவயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்ந்தவற்றுள், குறுகிய வகை உடையவற்றுக்குச் செரோட்டோனின் செயல்பாடு குறைந்திருந்தது. தாயோடு வளர்ந்தவற்றுள் அந்த வேறுபாடு காணப்படவில்லை. மரபணு ஒன்றே, வளர்ப்பினால் விளைவு வேறாயிற்று.

ஒரே இன ரப்பர்க் கன்றுகூட மண்ணுக்கும் பராமரிப்புக்கும் தக்கபடிதானே வளர்கிறது?

குரங்கிடம் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. மனச்சோர்வுக்கும் இந்த ஒரு மரபணுவுக்கும் தெளிவான தொடர்பில்லை என்று, பல்லாயிரம் மனிதரை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எந்தப் பிள்ளையின் குணத்தையும் ஒற்றை மரபணு தீர்மானிப்பதில்லை.

ஆகவே பெற்றோர்களே, "இவன் திருந்தமாட்டான்" என்று முத்திரை குத்தாதீர்கள். வேலை முடிந்து வந்ததும் சிறிது நேரம் பிள்ளையை அருகில் அமர்த்திப் பேசுங்கள்.