நீர்வெறுப்பும் எதிர்ப்பொருளும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிச் சிறுவனொருவனை நாய் கடித்ததெனக் கொள்வோம். இன்று அவன் புண்ணைச் சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வர். அங்கே தடுப்பூசி இடுவர். முன்னாளில் நிலைமை வேறு. 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் பாஸ்டர் நிலையம் தோன்றியிருந்தது. தென்னாட்டார்க்கோ அஃது எட்டாத் தொலைவு. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கில நங்கை தென்னகத்தில் இந்நோயால் மாண்டாள். அதன் பின்னரே, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் ஈந்த பொருளின் துணையால், 1907இல் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது.

தடுப்பூசி மருந்து கிருமியைத் தானே அழிப்பதன்று. கிருமியை முடக்கவல்ல எதிர்ப்பொருளை ஆக்குமாறு உடலைத் தூண்டுவதே அதன் தொழில். அத்தொழிலை மேற்கொள்வன நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ஒருவகையான பி அணுக்கள். ‘பி’ என்னும் எழுத்து, கோழியின் உடலில் இவ்வணுக்கள் முதிரும் ‘பர்சா’ என்னும் பையின் பெயரினின்று வந்தது. நமக்கு அப்பை இல்லை. நம்முடைய பி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன.

ஒவ்வொரு பி அணுவின் மேற்பரப்பிலும் ஒரே வடிவான ஏற்பிகள் பல உள்ளன. ஓரணுவின் ஏற்பி மற்றோரணுவின் ஏற்பியை ஒவ்வாது. இத்துணை வேறுபாடு எங்ஙனம் வந்தது? உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் கூடி 216 உயிர்மெய் பிறத்தலை நீவிர் இலக்கணத்தில் கற்றிருக்கிறீர்கள். அதுபோலவே சில நூறு மரபுத் துண்டுகள் பலவாறு கூடிக் கோடிக்கணக்கான ஏற்பி வடிவங்களை விளைக்கின்றன. இதனைக் கண்டறிந்த சப்பானியர் சுசுமு டொனெகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே, பகைவன் வருமுன்னரே அவனுக்குரிய அணு நம்முள் காத்திருக்கின்றது என்பது வியத்தற்குரியது.

ஊசியிட்ட மருந்தின் கூறுகள் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடைகின்றன. அங்குக் கூடியுள்ள எண்ணிறந்த பி அணுக்களுள் வடிவம் பொருந்திய சிலவே அவற்றைப் பற்றுகின்றன. பற்றியதை உள்ளிழுத்துச் சிதைத்து, அதன் துணுக்குகளை வெளியே ஏந்திக் காட்டுகின்றன. உதவி டி அணு என்னும் மற்றொரு வெள்ளணு அத்துணுக்கை அறிந்து இசைவு தந்தாலன்றிப் பி அணு முழுவதும் கிளர்ந்தெழாது. தன் உடலையே பகையெனத் தாக்காமைக்கு இவ்விரட்டைச் சோதனை பெரிதும் உதவுகின்றது. இசைவு கிட்டியதும் அவ்வணு ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகும். கையிற் புண்ணுற்றபோது ‘அக்குளில் நெறி கட்டியிருக்கிறது’ என்று நம் ஊர்ப் பெரியோர் கூறுவரே, அவ்வீக்கத்தின் உள்ளேயும் இப்பெருக்கம் நிகழ்கின்றது.

பெருகியவற்றுள் ஒரு பகுதி பிளாஸ்மா அணுக்களாக மாறும். அவை ஒவ்வொன்றும் நொடிதோறும் ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சொரியும். கவைபோல் இரு கிளையுடைய அப்பொருள் கிருமியைப் பற்றிக்கொண்டு, நரம்பினுட் புகவொட்டாமல் தடுக்கும்.

ஆயினும், போதிய எதிர்ப்பொருள் உண்டாக ஏழு முதல் பதினான்கு நாள் வேண்டும். கிருமியோ நரம்பின் வழியே மூளையை நோக்கி ஏறுவது. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆதலின் கடி ஆழமாயின், குதிரையின் குருதியினின்றோ மனிதர் குருதியினின்றோ பிரித்த எதிர்ப்பொருளைப் புண்ணிலேயே செலுத்துவர். இஃது இரவற் படை, சின்னாளில் மறையும். அதற்குள் சொந்தப் படை திரண்டுவிடும்.

பெருகிய அணுக்களுள் எஞ்சிய சில, நினைவு அணுக்களாய்ப் பல்லாண்டு வாழும். முன்னர்த் தடுப்பூசி முறையாக முடித்த சிறுவனை மீண்டும் நாய் கடித்தால், அவனுக்கு இரவற் படை வேண்டுவதில்லை. முதல் நாளும் மூன்று நாள் கழித்தும் இடும் ஊசிகளே போதும்.