எடை அதே எடைதான், ஆனால் அப்பா அதே அப்பா இல்லை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பந்தியில் தரையில் உட்கார்ந்த அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையை என்னிடம் நீட்டினார். அவருக்கு 74 வயது, எடை 60 கிலோ. இருபது வருஷமாக அதே 60. "ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, அப்புறம் என்னடா கவலை?" என்பார். பார்க்கிற டாக்டரும் பி.எம்.ஐ நார்மல் என்று எழுதித் தந்திருந்தார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வாட்ச் கையில் தொளதொளவென்று ஆடுகிறது. பெல்ட்டோ ரெண்டு ஓட்டை தள்ளிப் போயிருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன்.

பி.எம்.ஐ என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. இந்தக் கணக்கைப் போட்ட அடோல்ஃப் கெட்லே மருத்துவரே இல்லை. 19-ஆம் நூற்றாண்டு பெல்ஜியத்தின் வானியலாளர், புள்ளியியலாளர். மனிதக் கூட்டத்தின் சராசரியைத் தேடியவர் அவர். தனி ஆளின் ஆரோக்கியத்தை அளப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. பி.எம்.ஐ என்ற பெயரே 1972-இல் ஆன்செல் கீஸ் வைத்தது.

எடைக்கருவிக்கு எலும்பு, தசை, கொழுப்பு, தண்ணீர் என்ற பேதம் தெரியாது. 2004-இல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் இதை அழகாகச் சொல்லும். புனேயைச் சேர்ந்த யாக்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்று இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! நம்மூர் உடம்பு ஒல்லியாகத் தெரிந்தபடியே கொழுப்பைச் சேர்த்து வைக்கும்.

வயதானால் இன்னொரு குளறுபடியும் சேரும். முதுகெலும்பு குறுகி உயரம் குறையும். அப்பா ஒரு காலத்தில் 168 செ.மீ., இப்போது 164. எடை மாறாமலேயே பி.எம்.ஐ 21.3-லிருந்து 22.3 ஆகிவிட்டது. உள்ளே தசை கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்திருந்தாலும் முள் அசையாது. இந்தத் தசை இழப்புக்கு சார்கோபீனியா என்று பெயர்.

சரி, எதை அளப்பது? துல்லியமாக வேண்டுமென்றால் டெக்ஸா ஸ்கேன். வீட்டில் ஏறி நின்றால் கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. லேசான மின்சாரத்தை உடம்பில் செலுத்தி, உள்ளே இருக்கும் தண்ணீரை வைத்து அது ஊகிக்கிறது. கால் வீங்கியிருந்தாலோ, தண்ணி சரியாகக் குடிக்காவிட்டாலோ கணக்கு மாறிவிடும்.

அதைவிட தையல்காரர் டேப் மேல். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும் என்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 வழிகாட்டுதல். (கால் வீக்கம் இருந்தால் இதுவும் ஏமாற்றும்.) டேப்கூட இல்லையா? ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கிக் கெண்டைக்காலைப் பிடிப்பது. வளையத்துக்குள் இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு இடைவெளி தெரிந்தது. டேப்பில் 31.

ஆனால் அளவு மட்டும் போதாது. அமெரிக்காவில் 70 முதல் 79 வயதுக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஹெல்த் ஏபிசி ஆய்வில், யார் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதைச் சுட்டியது தசையின் வலு. தசையின் அளவு அந்த அளவுக்குச் சுட்டவில்லை. இந்தியாவும் இடம்பெற்ற ப்யூர் ஆய்விலும் கைப்பிடி வலு, இதய நோய் மரணத்தை ரத்த அழுத்தத்தைவிட நன்றாகவே காட்டிக்கொடுத்தது. அதனால் அதே ஆசிய வழிகாட்டுதலில் நாற்காலிப் பரிசோதனையும் உண்டு. கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் வலு குறைவு என்று அர்த்தம். அப்பாவுக்கு 17 ஆனது. கோபம் வேறு. "எனக்கு என்ன பரீட்சையா வைக்கிற?"

வயசாச்சு, இனி என்ன என்று விட்டுவிட வேண்டியதில்லை. 1990-இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டே வாரத்தில் அவர்கள் கால் வலு இரண்டு மடங்கைத் தாண்டியது.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அப்பாவுக்கும் ஆரம்பித்தோம். காலையில் ஒரு முட்டை கூடுதல். சாயங்காலம் சீரியல் விளம்பர இடைவேளையில் நாற்காலியில் எழுந்து உட்காருவது. போன வாரம் போனில் அம்மாதான் விநாடி எண்ணினார். 14. எடை? அதே 60.