உஷார்! பணம் கட்டுமுன் யாரிடம் காட்டினீர்கள்?

பிஎச்.டி.க்குப் பதிவு செய்து ஓராண்டு, ஈராண்டு ஆன தம்பி தங்கைகளே, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். உங்களைக் குறிவைத்து வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் மின்னஞ்சலிலும் வலை விரித்தாகிவிட்டது. 'ஸ்கோபஸ் ஜர்னல், 15 நாளில் பப்ளிகேஷன் உறுதி' என்கிறது ஒன்று. 'முதல் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது, தொகை தனியே பேசலாம்' என்கிறது இன்னொன்று. தீசிஸையே எழுதித் தருகிறோம் என்று பல்கலைக்கழக வாசலுக்கு எதிரிலேயே போர்டு வைத்த ப்ராஜெக்ட் சென்டர்களும் உண்டு. இப்போது அவர்கள் தங்களை 'மென்டர்' என்று வேறு அழைத்துக்கொள்கிறார்கள். இவர்களிடம் போகும் பணம் மட்டும் போனால் பரவாயில்லை. பட்டமும் பெயரும் சேர்ந்தே போகும்.

இந்த வியாபாரம் செழிப்பதற்குக் காரணம் ஆய்வாளரின் அவசரம். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஆள் சலிக்கும்போது கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண் வீதம் 10 வரை தரலாம் என்கிறது யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு விதி. எனவே ஐந்து கட்டுரை வேண்டும், எப்படியாவது வேண்டும் என்ற பதற்றம் முதலாண்டிலேயே தொற்றிக்கொள்கிறது. ஆனால் 2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிமுறையில், ஆய்வேடு சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை இன்னும் வைத்திருக்கின்றன என்பது உண்மைதான். உங்கள் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது, எத்தனை கேட்கிறது, எந்த வகை இதழைக் கேட்கிறது? இதை விதிப்புத்தகத்தில் பார்த்தீர்களா, அல்லது ஹாஸ்டலில் யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? அந்தச் சந்தேகத்தில்தான் தரகர் காசு பார்க்கிறார்.

'யுஜிசி கேர் அங்கீகாரம் பெற்றது' என்று ஓர் இதழ் இன்று விளம்பரம் செய்தால், அங்கேயே நின்றுவிடுங்கள். கேர் பட்டியலைக் கைவிடுவதாக யுஜிசி 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. இல்லாத பட்டியலின் பெயரைச் சொல்லி இன்னும் பணம் வாங்குகிறார்கள். பட்டியல்கள் இருந்த காலத்திலும் நிலைமை ஒன்றும் பாதுகாப்பாக இல்லை. கேருக்கு முந்தைய அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை யுஜிசி 2018 மே மாதம் ஒரே வீச்சில் நீக்கியது. அவற்றில் எழுதிய ஆய்வாளர்கள் எத்தனை பேர், அவர்கள் கட்டிய தொகை எவ்வளவு என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எல்லாவற்றிலும் கொடுமையானது போலி நகல் இதழ். நல்ல பெயருள்ள பழைய இதழ் ஒன்று அச்சில் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதற்கு இணையதளம் இருக்காது. யாரோ ஒருவர் அதே பெயரில், அதே ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டு ஒரு தளத்தைத் தொடங்கிவிடுவார். பட்டியலில் தேடினால் பெயர் இருக்கும், எண்ணும் பொருந்தும். நீங்கள் அனுப்பிய கட்டுரை இரண்டே நாளில் ஏற்கப்படும், பணம் கட்டியதும் பிடிஎஃப் வந்துவிடும். உண்மையான இதழின் ஆசிரியருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. இந்த மோசடி வைவா நாளிலோ நேர்முகத் தேர்விலோ வெளிப்படும்போது, விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். தளத்தை நடத்தியவர் அதற்குள் வேறு பெயரில் கடை திறந்திருப்பார்.

சுதாரித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பக் கேட்டால், திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் என்பார்கள். கொடுக்காவிட்டால் வெளியிட்டுவிடுவார்கள். ஒருமுறை வெளிவந்த கட்டுரையை நேர்மையான இதழ் எதுவும் தொடாது. இரண்டு ஆண்டு களப்பணி, ஆய்வகத்தில் விழித்த இரவுகள் எல்லாம் ஒரு குப்பைத் தளத்தில் புதைந்துபோகும். இது மிகையல்ல. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில், ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்தும்படி 2019-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டணத்தை மறைத்தது, போலியான சக ஆய்வாளர் மதிப்பீடு, ஒப்புக்கொள்ளாதவர்களின் பெயரை மாநாட்டு அழைப்பில் போட்டது ஆகியவை அந்த வழக்கில் வந்த குற்றச்சாட்டுகள்.

பெரிய பதிப்பகத்தின் பெயர் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வைலி நிறுவனத்தின் கையில் இருந்த ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023-ஆம் ஆண்டில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கட்டுரை ஆலைகள் உற்பத்தி செய்த சரக்கு சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே நுழைந்திருந்தது. விலை கொடுத்து ஆசிரியர் இடம் வாங்குபவரின் பெயரும் ஒருநாள் இப்படித்தான் 'ரிட்ராக்டட்' என்ற முத்திரையோடு இணையத்தில் நிற்கும். அதை அழிக்க முடியாது.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் நோயைச் சொல்லாமல் விட்டால் இந்த எச்சரிக்கையே பாதிதான். கேட்க ஆள் இல்லை. அதுதான் நோய். குடும்பத்தில் முதல்முறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிள்ளைக்கு, நல்ல இதழ் எது, கெட்டது எது என்று அப்பாவோ அக்காவோ சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியவர் கைடு. ஒரு பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம் என்று விதி வரம்பு வைத்திருக்கிறது. செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வாளர் தன் வேலையை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் சரி. நடைமுறையில் பல துறைகளில் அந்தக் கூட்டம் ஒரு கையெழுத்தோடும் தேநீரோடும் முடிந்துவிடுகிறது. கட்டுரையை வரி வரியாகப் படித்துத் திருத்தும் நெறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலைத் தொட்டு வணங்கலாம். படிக்காமலே தன் பெயரை முதலில் போடச் சொல்பவர்களும், 'அந்த ஆளிடம் கொடு, முடித்துத் தருவார்' என்று தரகரின் எண்ணைத் தருபவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு எண் உங்கள் கைக்கு வந்தால், கைடு சொன்னார் என்பதற்காக அழைக்காதீர்கள்.

கைடு ஒருவர்தான் என்றாலும் வழிகாட்டி ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எம்.ஏ., எம்.எஸ்சி. படித்த கல்லூரியில் உங்களை அறிந்த ஆசிரியர், போன வருடம் வைவா முடித்த சீனியர், ஆலோசனைக் குழுவின் மற்ற உறுப்பினர், இவர்களில் இரண்டு பேரையாவது முதல் செமஸ்டரிலேயே பிடித்து வையுங்கள். அதோடு பல்கலைக்கழக நூலகர். இதழ்களின் நல்லது கெட்டது அவருக்குத் தெரியும், ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் நோ டியூஸ் கையெழுத்துக்கு மட்டுமே அவரிடம் போகிறார்கள். கட்டுரையை அனுப்புமுன் ஒருமுறை, பணம் கேட்டால் இன்னொரு முறை, இவர்களில் ஒருவரிடம் காட்டுங்கள். கூச்சப்படாதீர்கள்.

நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு. ஸ்கோபஸில் இருப்பதாகச் சொன்னால், அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் ஸ்கோபஸின் சொந்தப் பக்கத்தில் தேடுங்கள். எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பாதியில் நீக்கப்பட்ட இதழ்கள் நிறைய. ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதி, இந்த இதழில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். கட்டணம் வாங்குவதே குற்றமல்ல, நேர்மையான திறந்த அணுக்க இதழ்களிலும் கட்டணம் உண்டு. ஆனால் உண்மையான மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். சில நாளில் ஏற்பு என்றால் யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

ப்ராஜெக்ட் சென்டரில் எழுதிய ஆய்வேடு பற்றி ஒரே வார்த்தை: ஒருவருக்கு விற்றதையே இன்னொருவருக்கும் விற்பார்கள். ஒப்புமை 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவையே ரத்து செய்ய 2018-ஆம் ஆண்டு கருத்துத்திருட்டுத் தடுப்பு விதியில் இடமுண்டு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? இன்னொரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மின்னஞ்சலில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். முக்கியமாக, மறைக்காதீர்கள், துறையில் நம்பும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால்தான் மிரட்டல் வரும்.

பேராசிரியப் பெருமக்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மணி நேரம் அறைக்கதவைத் திறந்து வைத்து, இந்த நேரத்தில் எந்த ஸ்காலரும் எதையும் கேட்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். உங்கள் பிள்ளைகள் தரகரிடம் போவது, நீங்கள் கிடைக்காததால்தான்.