கிரீட் தீவின் கீரையும் எண்ணெயும்

கிரேக்க நாட்டுத் தீவுகளுள் மிகப் பெரியதான கிரீட்டின் உணவு, உடல்நலத்துக்கு உகந்தது என்று இன்று உலகெங்கும் போற்றப்பட்டாலும், அது எந்த மருத்துவரும் வகுத்துக் கொடுத்த பத்தியம் அன்று. கல்லும் மலையுமான நிலத்தில் கிடைத்ததைக் கொண்டு குடியானவர்களும் இடையர்களும் பசியாறிய முறையே அது. 1948இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சார்பில் அங்கு ஆய்வு நடந்தபோது, இறைச்சி போதிய அளவு கிடைப்பதில்லை என்பதே மக்களுள் பலருடைய குறையாக இருந்தது. ஆனால் 1958இல் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் தொடங்கிய ‘ஏழு நாடுகள் ஆய்வு’, கிரீட் ஆண்கள் தங்கள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்து பெற்றபோதிலும் இதயநோயால் மிகக் குறைவாகவே இறந்தனர் என்று காட்டியது. அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய்.

ஆகவே ஊர்க்காரர்களைப் போல உண்ண விரும்புபவர் இறைச்சித் தட்டிலிருந்து அல்லாமல், ‘ஹோர்தா’ எனப்படும் காட்டுக்கீரையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். மழைக்காலத்தில் மலைச்சரிவுகளில் தானாக முளைக்கும் பலவகைக் கீரைகளைப் பறித்து வந்து, வேகவைத்து நீரை வடித்து, எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் தாராளமாக விட்டுப் பரிமாறுவர். கசப்பு மிகுந்த ‘ஸ்தம்னகாதி’ என்ற முட்செடியின் இளங்கீரைக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. ரொட்டியின் இடத்தில் பெரும்பாலும் ‘பாக்சிமாதி’ இருக்கும். பார்லி மாவு ரொட்டியை ஒருமுறை சுட்டு, துண்டாக்கி, மீண்டும் அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போகும்வரை உலர்த்துவதால் மாதக்கணக்கில் கெடாத இதனை, ஆட்டு மந்தையுடன் மலையேறும் இடையர்கள் பையில் எடுத்துச் சென்றனர். இதன்மேல் சிறிது நீர் தெளித்து, துருவிய தக்காளி, ‘மிசித்ரா’ என்ற மென்மையான பாலாடைக்கட்டி, ஓரிகானோ இலைத்தூள், எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்தால் அதுவே ‘தாக்கோஸ்’. எண்ணெயும் தக்காளிச் சாறும் அடிவரை இறங்கி, ஓரம் மட்டும் மொறுமொறுப்பாக நிற்கும் தருணத்தில் உண்பதே அதன் பக்குவம்.

மரபுக் கிறித்தவத் திருச்சபையின் நோன்பு நாள்கள் ஆண்டில் பாதியளவு இருப்பதும் இந்த உணவை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தது. தவக்காலத்தில் இறைச்சி, முட்டை, பால் ஆகியவை விலக்கப்பட்டாலும், இரத்தமற்றது எனக் கருதப்படும் நத்தைக்குத் தடையில்லை. உப்புத் தூவிய வாணலியில் நத்தைகளை வாய்ப்புறம் கீழாக வைத்து, எண்ணெயில் வதக்கி, வினிகரும் ரோஸ்மேரியும் சேர்ப்பது தீவின் புகழ்பெற்ற சமையல்.

‘கஃபெனியோ’ என்னும் ஊர்க் காப்பிக்கடையில் காப்பித்தூளையும் சர்க்கரையையும் ஒன்றாகவே கொதிக்க வைப்பதால், சர்க்கரையின் அளவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மண்டி அடியில் தங்கியபின் மெதுவாக அருந்த வேண்டும்.

மதுவில் முதலிடம் ‘சிகுதியா’வுக்கு உரியது, ராக்கி என்றும் அதனை அழைப்பர். திராட்சைச் சாற்றைப் பிழிந்து எடுத்தபின் எஞ்சும் தோலையும் விதையையும் வீணாக்காமல், பல வாரங்கள் புளிக்கவைத்து, அக்டோபர், நவம்பர் மாதங்களில் செப்புக் கொப்பரைகளில் காய்ச்சி வடிப்பதால் கிடைக்கும் நிறமற்ற, காரமான மது இது; சோம்பு சேர்க்கப்படுவதில்லை. சாப்பாடு முடிந்தபின் உணவகத்தார் ஒரு சிறு குடுவையும் பழத்துண்டுகளும் விலையின்றிக் கொண்டுவந்து வைப்பது விருந்தோம்பல் மரபு. அதைச் சிறு கோப்பைகளில் ஊற்றி, பேச்சின் நடுவே சிறிது சிறிதாகப் பருகுவர். வெறும் வயிற்றில் குடிப்பதை நல்ல பழக்கமாகக் கொள்வதில்லை. காய்ச்சும் நாளில் உறவினரும் அயலாரும் கொப்பரையைச் சுற்றிக் கூடுவர். அடுப்பின் தணலிலேயே உருளைக்கிழங்கு சுடப்படும், பன்றியிறைச்சி வாட்டப்படும், மாதுளையும் ஆலிவ் காயும் தட்டில் வரும். கோடையில் கடற்கரைக்கு மட்டும் வந்து திரும்பும் பயணிகளுக்கு வாய்க்காத இந்தக் கூட்டு விருந்துக்காகவே, உள்நாட்டு மலையூர்களுக்கு இலையுதிர்காலத்தில் செல்வது தகும்.